துணி தைக்காத டெய்லர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கத்திலிருந்து போன் வந்தபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாம் என்றுதான் இருந்தேன். மெஸ் சாம்பார், செமஸ்டருக்கு முந்தின ராத்திரி, வொர்க்‌ஷாப்பில் அரம் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கையில் வந்த கொப்புளம்... இதையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுத நம் பேட்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிட்டேன். நான் எழுதப்போவது ஒரு டெய்லரைப் பற்றி.

மெக்கானிக்கல்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பீர்கள். கடைசி வருடம் உற்பத்தி மேலாண்மை பேப்பரின் முதல் வகுப்பு. சார் போர்டில் டெய்லர் என்று பெரிதாக எழுதினார். பின் பெஞ்சிலிருந்து நம்ம ஆள் ஒருவன் எழுந்து, பேண்ட்டும் தைப்பாரா, சட்டை மட்டும்தானா என்று கேட்டான். வகுப்பே அதிர்ந்தது. சாரும் சிரித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார். அறிவியல் மேலாண்மையின் தந்தை யார் என்ற இரண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். கட்டிங் டூல் எத்தனை நிமிடம் உழைக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு சமன்பாடு படித்தோமே, அந்த டெய்லரும் இந்த டெய்லரும் ஒரே ஆள் என்பதுகூட எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அது வேற பேப்பர், வேற சார்!

அந்த மனிதரைப் பிறகு நான் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம் ஒரு சின்ன மரக்கட்டை. அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

பிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர் 1856 மார்ச் 20-ம் தேதி அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். வசதியான குடும்பம். அப்பா வக்கீலுக்குப் படித்தவர். அம்மா அடிமை முறையை எதிர்த்துக் குரல் கொடுத்தவர். பையனை ஐரோப்பாவுக்கெல்லாம் கூட்டிப்போய்ப் படிக்க வைத்தார்கள். 1872-ல் பிலிப்ஸ் எக்ஸிடர் என்ற பெரிய பள்ளியில் சேர்ந்து, ஹார்வர்டு நுழைவுத் தேர்விலும் நல்லபடியாகத் தேறினார். அப்பா மாதிரி வக்கீலாக வேண்டியதுதான் பாக்கி. ஆனால் ராத்திரி விளக்கில் கண்விழித்துப் படித்ததில் பார்வை கெட்டு, தலைவலி வந்து, ஹார்வர்டு ஆசையை விடவேண்டி வந்தது. 1874-ல், 18 வயதில், பிலடெல்பியாவில் பம்பு செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். பேட்டர்ன் செய்வதும் லேத் ஓட்டுவதும் கற்றுக்கொண்டார். கவுன்சிலிங்கில் நல்ல காலேஜ் கிடைத்த பையன், சீட் வேண்டாம், லேத் பட்டறைக்குப் போகிறேன் என்று சொன்னால் நம்ம வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1878-ல் அதே நகரத்தில் மிட்வேல் ஸ்டீல் கம்பெனிக்கு மாறினார். வேலை மந்தமான காலம் என்பதால் சாதாரணக் கூலி ஆளாகத்தான் சேர முடிந்தது. பிறகு கணக்கெழுதும் வேலை, லேத் வேலை, லேத்காரர்களுக்கு மேஸ்திரி, ஃபோர்மேன், கடைசியில் தலைமை என்ஜினியர் என்று சில வருடங்களில் ஏறிவிட்டார். கம்பெனியின் முக்கியப் பங்குதாரர் ஒருவர் குடும்பத்துக்கு வேண்டியவர். அதுவும் உதவியிருக்கும், மறைப்பானேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, உழைப்பும் அசுர உழைப்பு. பகல் முழுக்க ஷாப்பில் நின்றுகொண்டே, வீட்டிலிருந்து படித்து, 1883-ல் ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிடியூட்டில் மெக்கானிக்கல் என்ஜினியரிங் பட்டம் வாங்கினார். இதற்கு நடுவில் 1881-ல் அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் போட்டியில், கிளாரன்ஸ் கிளார்க்குடன் ஜோடி சேர்ந்து இரட்டையர் பட்டமும் ஜெயித்திருக்கிறார். அரியர் வைத்த நாமெல்லாம் இந்தப் பாராவை வேகமாகத் தாண்டிவிடுவது நல்லது.

மேஸ்திரி ஆன கதைதான் முக்கியம். மிட்வேலில் பீஸ் ரேட். இத்தனை உருப்படிக்கு இவ்வளவு கூலி. கேட்பதற்கு நியாயமாக இருக்கும், நிறையச் செய்தால் நிறையக் காசு. நடப்பது என்ன? ஒருவன் கொஞ்சம் வேகமாகச் செய்து கூடுதலாகச் சம்பாதித்தால், ஆபீஸில் இருப்பவர் கண்ணில் அது படும். இவ்வளவு வேகமாக முடிகிற வேலைக்கு இவ்வளவு ரேட் எதற்கு என்று அடுத்த மாசமே ரேட்டைக் குறைப்பார்கள். இரண்டு தடவை இப்படி ஏமாந்தவன் மூன்றாவது தடவை வேகத்தைக் காட்டமாட்டான். மிட்வேல் லேத்காரர்கள் ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி செய்வது என்று தங்களுக்குள் பேசிவைத்து, அதற்கு மேல் ஒன்றுகூடச் செய்வதில்லை. டெய்லரின் கணிப்பில், நியாயமாகச் செய்யக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வந்தது. லேத் ஓட்டியபோது டெய்லரும் அந்த ஒப்பந்தத்தை மீறாமல்தான் இருந்தார். ரகசியம் முழுக்கத் தெரிந்த ஆள்.

மேஸ்திரி ஆனதும் பழைய கூட்டாளிகள் வந்து ஆழம் பார்த்தார்கள். இனிமேல் நான் கம்பெனி பக்கம், உற்பத்தியைக் கூட்டத்தான் பார்ப்பேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மூன்று வருடச் சண்டை. ஆளை நீக்கினார், ரேட்டைக் குறைத்தார், புதுசாக ஆள் எடுத்துக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர்களும் பழையவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மெஷின்கள் தானாக உடைந்தன. உடைத்தவன் யாரானாலும் சரி, அந்த மெஷினில் நின்றவனுக்கு அபராதம் என்றார். ரயில் பாதை ஓரமாகத் தனியாக இரண்டரை மைல் நடந்து வீட்டுக்குப் போகிறவர். அப்படிப் போகாதே, சுட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் எச்சரித்தார்கள். ஆயுதம் எதுவும் இல்லாமல் அதே வழியில்தான் போவேன், சுடுகிறவர்கள் சுடலாம் என்று சொல்லி அனுப்பினாராம்.

இந்தச் சண்டையில் எனக்கு மறக்க முடியாத இடம் வேறொன்று. வேலையாட்களில் நெருங்கிய நண்பர்கள் சிலர் அவரிடம் தனியாகக் கேட்டார்கள். எங்கள் நன்மையை மட்டும் மனதில் வைத்துச் சொல், நாங்கள் உற்பத்தியைக் கூட்டலாமா, கூடாதா? டெய்லர் பொய் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் ஒரு உருப்படி கூடச் செய்யாமல்தான் சண்டை போடுவேன் என்று ஒப்புக்கொண்டார். அதிகம் செய்தால் அதிக உழைப்புத்தான் மிச்சம், கூலி பழைய கூலிதான் என்பது அவருக்கே தெரியும். பல வருடம் கழித்துத் தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

இனி மரக்கட்டைக்கு வருகிறேன்.

படித்து முடித்து நான் முதலில் சேர்ந்த கம்பெனியில் எனக்கு டைம் ஸ்டடி வேலை. கழுத்தில் ஸ்டாப் வாட்ச், கையில் அட்டை வைத்த பேடு. ட்ரில்லிங் மெஷினில் ஒரு அண்ணன் நின்றார், ஐம்பது தாண்டிய வயசு. அவர் ஓட்டிய பிராக்கெட்டுக்கு மணிக்கு 60 என்பது நார்ம். அதற்கு மேல் போனால் இன்சென்டிவ். அவர் தினமும் 65, 66 என்று நிறுத்திக்கொள்வார். நான் வாட்சோடு பக்கத்தில் நின்ற முதல் இரண்டு நாளும் எல்லாம் நிதானமாகத்தான் நடந்தது. மூன்றாம் நாள் டீ டைமில், எங்க அப்பாவும் டர்னர்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மெஷினுக்குக் கூட்டிப்போய், டூல் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வேப்பமரக் கட்டையை எடுத்தார். வீட்டில் உட்கார்ந்து அவரே செதுக்கியது. அதை மேஜையில் பொருத்தினால் பிராக்கெட் ஒரு கையிலேயே சரியான இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியதில்லை. மணிக்கு 74 சர்வசாதாரணமாக வந்தது. தம்பி, பாத்துக்கங்க என்றார். அவ்வளவு பெருமை முகத்தில்.

நான் நல்ல பிள்ளையாக ரிப்போர்ட் எழுதினேன். ஆலோசனைத் திட்டத்தில் அவருக்குப் பரிசு தரவேண்டும் என்றும் எழுதினேன். பரிசு வந்தது, ஒரு சுவர்க் கடிகாரம். அடுத்த மாசம் அந்த பிராக்கெட்டுக்கு நார்ம் 72 ஆனது. கட்டை கம்பெனியின் ஜிக் ஆகிவிட்டது, வரைபடம் போட்டு நம்பர் கொடுத்து. அவருக்கு மாசாமாசம் வந்துகொண்டிருந்த இன்சென்டிவ் கிட்டத்தட்ட நின்றுபோனது. அவர் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் என்னைப் பார்த்தபோது, சாப்பிட்டாச்சா சார் என்று மட்டும் கேட்டார். தம்பி போய் சார் வந்துவிட்டது. அந்த லைனில் அதற்குப் பிறகு யாரும் எனக்கு எதையும் காட்டவில்லை.

அந்த வருடம்தான் டெய்லரை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இந்த ஸ்டாப் வாட்ச் வேலையை ஆரம்பித்துவைத்த ஆள் இதற்கு என்ன பதில் வைத்திருந்தார் என்று பார்க்க வேண்டியிருந்தது.

பதில் வைத்திருந்தார். மிட்வேல் சண்டையிலிருந்து அவர் எடுத்த முடிவு இதுதான்: ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது முதலாளிக்கும் தெரியாது, தொழிலாளி சொல்லவும் மாட்டான், எனவே எல்லாமே பேரம். வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கடிகாரம் வைத்து அளந்து, நியாயமான நேரத்தை முடிவு செய். முடிவு செய்த பிறகு, ஆள் எவ்வளவு சம்பாதித்தாலும் ரேட்டில் கை வைக்காதே. 1895-ல் அமெரிக்க மெக்கானிக்கல் என்ஜினியர்கள் சங்கத்தில் அவர் படித்த கட்டுரையின் சாரம் இது. அதில் ஓர் உதாரணம் வருகிறது. பழைய முறையில் ஒரு உருப்படிக்கு 50 சென்ட்; ஆட்கள் நாளைக்கு நாலைந்து செய்துகொண்டிருந்தார்கள். புது முறையில் பத்து செய்தால் உருப்படிக்கு 35 சென்ட், பத்துக்குக் குறைந்தால் எல்லாவற்றுக்கும் 25 சென்ட்தான். பத்து செய்தவனுக்கு மூன்றரை டாலர். ஒன்பது செய்தவனுக்கு இரண்டே கால். ஒரே ஒரு உருப்படியில் ஒன்றேகால் டாலர் போச்சு! நிர்ணயித்த ரேட்டைக் குறைக்கவே கூடாது என்ற வாக்குறுதி நல்ல வாக்குறுதிதான். ஆனால் 50-ஐ 35 ஆக்கியதும் அதே கைதானே என்று படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

இதே காலத்தில்தான் உலோகம் வெட்டும் ஆராய்ச்சியும். லேத்தை எந்த வேகத்தில் ஓட்டுவது, டூலை என்ன கோணத்தில் தீட்டுவது என்பதெல்லாம் அதுவரை டர்னரின் கைப்பழக்கம். ஆறு மாசத்தில் முடித்துவிடலாம் என்று 1880-ல் ஆரம்பித்தார், 26 வருடம் ஓடியது. பல கம்பெனிகளில், பல முதலாளிகள் காசில், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள். 8 லட்சம் பவுண்டு இரும்பும் எஃகும் சுருளாக விழுந்தன. வெட்டும் முனையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாலே வேகத்தை 40 சதவீதம் வரை கூட்டலாம் என்பது ஆரம்பக் கண்டுபிடிப்புகளில் ஒன்று. இன்று நம் மெஷினில் கூலன்ட் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு அந்த ஞாபகம் வரும். பிறகு பெத்லஹேம் ஸ்டீலில் மான்செல் ஒயிட் என்பவரோடு சேர்ந்து, டூலைச் சூடேற்றிப் பக்குவம் பண்ணும் புது முறையைக் கண்டார். முனை பழுக்கச் சிவந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருக்கும் அந்த ஹைஸ்பீடு ஸ்டீல், 1900 பாரிஸ் கண்காட்சியில் ஐரோப்பிய என்ஜினியர்களை வாய்பிளக்க வைத்தது. போன இடத்தில் அந்த வருட ஒலிம்பிக் கோல்ஃபிலும் ஆடி நாலாவதாக வந்தார்! எல்லாவற்றையும் தொகுத்து 1906-ல், சங்கத்தின் தலைவராக, அந்தப் பிரசித்தி பெற்ற உரையை நிகழ்த்தினார். அவர் வேறு எதையும் செய்யாமல் இதை மட்டும் செய்திருந்தாலே போதும் என்பது என் கட்சி. ஆனால் உலகம் அவரை ஞாபகம் வைத்திருப்பது பாளம் தூக்கிய கதைக்காக.

பெத்லஹேமுக்கு அவர் 1898-ல் ஆலோசகராகப் போனார். யார்டில் 80,000 டன் வார்ப்பிரும்புப் பாளங்கள் கிடந்தன. ஒரு பாளம் 92 பவுண்டு, நம் கணக்கில் 42 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒருவர் நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டரை டன் வேகனில் ஏற்றினார். டெய்லர் புத்தகத்தில் சொல்லும் கதைப்படி, ஷ்மிட் என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்து, எப்போது தூக்கு, எப்போது உட்கார் என்று பக்கத்தில் ஆள் வைத்துச் சொல்லி, 47 டன்னுக்கு மேல் ஏற்ற வைத்தார். கூலி 1 டாலர் 15 சென்ட்டிலிருந்து 1 டாலர் 85 சென்ட் ஆனது. உட்கார் என்பதைக் கவனியுங்கள். 92 பவுண்டுப் பாளம் தூக்குகிறவன் கையில் சுமை இருப்பது நாளில் 43 சதவீதம் நேரத்துக்கு மேல் போகக்கூடாது, மீதி நேரம் உடம்பு ஆறவேண்டும் என்பது அவர் கணக்கு. நானும் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 47½ டன் என்றால் சுமார் 1,156 பாளம். பத்து மணி நேரத்தில் 31 வினாடிக்கு ஒன்று. உழைப்பு நாலு மடங்கை நெருங்கியது, கூலி அறுபது சதவீதம் கூடியது. இந்த விகிதம் நியாயமா என்று அன்றைக்கே கேட்டவர்கள் இருந்தார்கள்.

ஷ்மிட்டின் நிஜப் பெயர் ஹென்றி நோல். பழைய ஆவணங்களைத் துருவி ரெக், பெரோனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1974-ல் வெளியிட்ட கட்டுரை, இந்தக் கதையில் பாதி ஜோடனை என்று காட்டியது. நல்ல பலசாலிகள் கொஞ்ச நேரம் முழுவேகத்தில் தூக்கியதை அளந்து, அதை நாள் முழுக்க நீட்டி சுமார் 75 டன் என்று வைத்து, ஓய்வுக்கும் தாமதத்துக்கும் 40 சதவீதம் கழித்திருக்கிறார்கள். ஏன் 40, ஏன் 30 இல்லை? காரணம் எதுவும் காணோம். அந்தக் கணக்குக்கு ஒத்துவராத முதல் கோஷ்டிக்கு வேலை போனது. விஞ்ஞானம் என்ற பெயரில் எவ்வளவு குத்துமதிப்பு ஒளிந்திருக்கிறது என்று பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. என் பேடிலும் களைப்புக்கு இத்தனை சதவீதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதும் நம்பர் எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்டதில்லை.

மண்வெட்டி ஆராய்ச்சி இதைவிட நேர்மையானது. ஒரே ஷவலை வைத்து ஆட்கள் எதையும் அள்ளுவார்கள். பொடி நிலக்கரி என்றால் மூன்றரைப் பவுண்டு ஏறும், இரும்புத் தாது என்றால் 38 பவுண்டு. ஒரு அள்ளுக்கு 21 பவுண்டு இருந்தால்தான் ஒருவன் நாள் முழுக்க அதிகம் அள்ளுகிறான் என்று பார்த்து, பொருளுக்கு ஏற்ற அளவில் ஷவல் செய்து, கம்பெனி செலவில் கொடுத்தார். டெய்லர் கொடுத்த கணக்கில், ஆள் ஒன்றுக்கு 16 டன் 59 ஆனது, 600 பேர் செய்த வேலை 140 பேரால் ஆனது. மீதி 460 பேர் என்ன ஆனார்கள்? சிலருக்கு வேறு வேலை கிடைத்தது என்பார். அந்தக் கேள்வியில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

அதிகாரிகளோடும் ஒத்துப்போகிற சுபாவம் இல்லை. 1901-ல் பெத்லஹேம் அவரை அனுப்பிவிட்டது. அதன்பிறகு அவர் காசுக்கு வேலை செய்யவில்லை. மனைவி லூயிஸும் அவரும் மூன்று குழந்தைகளைத் தத்தெடுத்து, பிலடெல்பியாவில் பெரிய தோட்டத்தோடு குடியிருந்தார்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இலவசமாக மணிக்கணக்கில் விளக்குவார். 1910-ல் பிராண்டைஸ் என்ற வக்கீல், ரயில் கட்டணத்தை உயர்த்துவதை எதிர்த்த வழக்கில், இந்த முறையை வைத்தால் ரயில் கம்பெனிகள் நாளைக்கு 10 லட்சம் டாலர் மிச்சம் பிடிக்கலாம் என்று சாட்சி சொல்ல வைத்தார். ஒரே நாளில் நாடு முழுக்கப் பேச்சு. 1911-ல் புத்தகம் வந்தது.

அதே 1911 ஆகஸ்டில் அடியும் விழுந்தது. மாசசூசெட்ஸில் வாட்டர்டவுன் என்ற இடத்து அரசாங்க ஆயுதத் தொழிற்சாலையில், ஃபவுண்டரி மோல்டர் ஒருவர் ஸ்டாப் வாட்சின் முன்னால் வேலை செய்யமாட்டேன் என்றார். அவரை நீக்கினார்கள்; மோல்டர்கள் எல்லோரும் வெளியே போனார்கள். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார்கள் என்றாலும் விஷயம் பார்லிமென்ட் வரை, அதாவது அவர்கள் காங்கிரஸ் வரை போனது. விசாரணைக் குழுவின் தலைவர் வில்சன், சுரங்கத் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத் தலைவரானவர். 1912 ஜனவரியில் டெய்லர் நாள்கணக்கில் சாட்சி சொன்னார். நான் சொல்வது கடிகாரமோ போனஸ் திட்டமோ இல்லை, இருதரப்பும் லாபத்தைப் பிரிப்பதில் சண்டை போடுவதை விட்டு லாபத்தைப் பெருக்கச் சேர வேண்டும், அந்த மனமாற்றம் இல்லாவிட்டால் இது என் முறையே இல்லை என்று வாதாடினார். வாங்கிக்கொண்டு போகிற முதலாளி மனம் மாறாவிட்டால்? வில்சன் விடாமல் கேட்டது ஏறக்குறைய அதுதான். டெய்லரிடம் அதற்குச் சரியான விடை இல்லை. கோபம்தான் வந்தது.

1915 மார்ச்சில், ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து அளப்பதற்கு அரசாங்கப் பணத்தைச் செலவிடக்கூடாது என்று காங்கிரஸ் தடை போட்டது. அதே மாதம் 21-ம் தேதி, 59-வது பிறந்தநாளுக்கு மறுநாள், நிமோனியாவில் டெய்லர் இறந்தார். விடியற்காலையில் தன் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் சத்தத்தை நர்ஸ் கேட்டதாகவும், கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை என்றும் சொல்வார்கள்.

உலகம் முழுக்கக் கம்பெனிகள் அவருடைய ஸ்டாப் வாட்சை வாங்கிக்கொண்டன. ரேட்டில் கை வைக்காதே என்ற மற்ற பாதியை எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

நான் இப்போது இருப்பது வேறு கம்பெனி. இப்போதெல்லாம் ஸ்டாப் வாட்ச் இல்லை, செல்போனிலேயே அளந்துவிடுகிறோம். போன ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க மூன்று மீட்டிங் ஆயிற்று: மெஷினையோ, மெட்டீரியலையோ, முறையையோ கம்பெனி மாற்றினால் தவிர நார்ம் மாறாது, தொழிலாளி கண்டுபிடித்த முறைக்கு, நார்மை மாற்றினாலும் கண்டுபிடித்தவரின் இன்சென்டிவ் குறையாது. புதுசாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. முதல் பாதி பல ஒப்பந்தங்களில் இருப்பதுதான். இரண்டாவது பாதிக்குத்தான் மூன்று மீட்டிங்.

அந்த ட்ரில்லிங் அண்ணன் ரிட்டயர் ஆகிவிட்டார். வீட்டு வாசலில் ஷெட் போட்டு, செகண்ட் ஹேண்ட் லேத் ஒன்று வைத்து ஓட்டுகிறார் என்று பழைய கம்பெனி நண்பர் சொன்னார். ரீயூனியனுக்கு வருகிற வழியில்தான் அந்த ஊர். போன தடவை பஸ்ஸில் அந்த ஸ்டாப்பைத் தாண்டும்போது எழுந்து நின்றேன், இறங்கவில்லை. இந்தத் தடவை காரில் வருகிறேன்.